அணு ராக்கெட்டுக்கான உலோகப் பாகங்களை முப்பரிமாண அச்சில் உண்மையிலேயே செய்ய முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அணு உலையால் இயங்கும் ராக்கெட்டுக்கு வேண்டிய உலோகப் பாகங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டுவிடலாம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. நடக்கிற காரியமா? நடக்குமென்றால் எது தடுக்கிறது?"

உலையைச் சுற்றியிருக்கும் பாகங்களுக்கு, ஆம், ஏறக்குறைய இன்றைக்கே முடியும். உலையின் நடுப்பகுதிக்கு இன்னும் முடியவில்லை. அங்கே தடுப்பது விரிசல்.

நான் உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் இயந்திரத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன். அதில் இரண்டு ஆண்டுகள் டங்ஸ்டனோடு மட்டுமே கழிந்தன. ராக்கெட் எதையும் கட்டியதில்லை. ஆனால் இந்த உலோகம் அச்சு மேடையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நெருக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அணு வெப்ப ராக்கெட்டில் எதுவும் எரிவதில்லை, வெடிப்பதும் இல்லை. திரவ ஹைட்ரஜன் ஒரு சிறிய அணு உலைக்குள் நுண்ணிய துளைகள் வழியாக ஓடுகிறது. ஓடும்போதே சூடாகி, வாயுவாக விரிந்து, பின்பக்கக் கூம்பு வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அவ்வளவுதான். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் சிறந்த ராக்கெட்டில் வாயு நொடிக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். அணு வெப்ப ராக்கெட்டில் 8 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். எரியும் ராக்கெட்டின் சுடர்தான் இரண்டிலும் அதிக வெப்பமானது, 3,500 கெல்வின் அளவுக்குப் போகும். அணு ராக்கெட்டின் வாயு 2,700 கெல்வினைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனாலும் வேகம் ஏறத்தாழ இருமடங்கு. வெளியேறுவது கனமான நீராவியாக இல்லாமல் லேசான ஹைட்ரஜன் மூலக்கூறாக இருப்பதே காரணம்.

இங்கேதான் உலோகவியல் உள்ளே வருகிறது. எரியும் ராக்கெட்டில் வெப்பம் வாயுவுக்குள்ளேயே பிறக்கிறது. சுவரைப் பின்னாலிருந்து குளிர்வித்துக் காப்பாற்றிக்கொள்ளலாம். சுடர் 3,500 கெல்வினில் இருக்கும்போது செம்புச் சுவர் 800 கெல்வினில் சுகமாக இருக்கும். அணு ராக்கெட்டில் திசை தலைகீழ். வெப்பம் திடப்பொருளுக்குள் பிறந்து வாயுவுக்குப் போகிறது. எனவே வாயு 2,700 கெல்வினுக்கு வர வேண்டுமென்றால், அதைச் சூடாக்கும் எரிபொருள் தண்டு அதைவிடச் சூடாக இருந்தே ஆக வேண்டும். தப்பிக்கும் வழி இல்லை. ராக்கெட்டின் திறனுக்கு வரம்பு வைப்பது உலையின் சக்தி அல்ல, அந்தத் திடப்பொருள் எவ்வளவு சூட்டில் உருக்குலையாமல் நிற்கும் என்பதுதான்.

சக்தி எப்போதோ கையில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய ரோவர் என்ற அணு ராக்கெட் திட்டமும் அதிலிருந்து வளர்ந்த நெர்வாவும் நெவாடா பாலைவனத்தில் ஜாக்கஸ் ஃப்ளாட்ஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ இருபது உலைகளை ஓட்டிப் பார்த்தன. 1968-இல் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட் வெப்பத்தைத் தாண்டியது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் அணுமின் நிலைய உலையின் வெப்பத் திறனே 3,000 மெகாவாட் அளவுதான் என்பதை வைத்துப் பாருங்கள். 1969-இல் எக்ஸ்ஈ என்ற இயந்திரம் 28 முறை நிறுத்தி நிறுத்தித் தொடங்கப்பட்டது. 1973-இல் எல்லாம் மூடப்பட்டது. பறக்கவே இல்லை.

அந்தக் காலத்து எரிபொருள் கிராஃபைட். அறுகோணத் தண்டு, நீளம் 1.32 மீட்டர், குறுக்கே வெறும் 19 மில்லிமீட்டர். அதற்குள் நீளவாக்கில் 19 துளைகள். சூடான ஹைட்ரஜன் கிராஃபைட்டைத் தின்றுவிடும்; கார்பனோடு சேர்ந்து மீத்தேன் போன்ற வாயுக்களாகப் போய்விடும். அதைத் தடுக்கத் துளைகளின் உட்சுவரில் நியோபியம் கார்பைடு பூசினார்கள், பிறகு சிர்கோனியம் கார்பைடும் பூசினார்கள். பூச்சும் கிராஃபைட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆறும்போது பூச்சு அதிகமாகச் சுருங்கி விரிசல் விட்டது. விரிசல் வழியே ஹைட்ரஜன் உள்ளே போய் அடியிலிருந்த கிராஃபைட்டை அரித்தது. பத்தாண்டுக்கு மேல் அந்தத் திட்டத்தின் எரிபொருள் ஆட்கள் போராடியது இந்த மெல்லிய பூச்சின் மெல்லிய விரிசலோடுதான்.

சரி, கிராஃபைட் வேண்டாம், உலோகத்துக்குப் போகலாம் என்ற யோசனையும் அதே காலத்துக்காரர்களுடையது. அதுதான் செர்மெட்: யுரேனிய ஆக்சைடு போன்ற பீங்கான் துகள்களை டங்ஸ்டன் உலோகத்துக்குள் புதைத்துவைப்பது. டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும், உலோகங்களிலேயே உச்சம். ஹைட்ரஜன் அதைக் கிராஃபைட்டைப் போல அரிப்பதில்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஆர்கோன் தேசிய ஆய்வகமும் இதில் நிறைய வேலை செய்தன. ஆனால் டங்ஸ்டனில் நீண்ட மெல்லிய துளைகள் போடுவது, தண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது எல்லாம் பெரும் பாடு. வெட்டினால் பொடியும், பற்றவைத்தால் நொறுங்கும் உலோகம் அது.

அதனால்தான் முப்பரிமாண அச்சு என்றதும் எல்லோருக்கும் கண் விரிகிறது. துளையே போட வேண்டாம். துளை இருக்க வேண்டிய இடத்தில் லேசரை ஓட்டாமல் விட்டால் போதும். நேர்த் துளையாகவும் இருக்க வேண்டியதில்லை. வளைந்து போகலாம், வழியில் அகலம் மாறலாம். நானும் அந்த உற்சாகத்தோடுதான் தொடங்கினேன்.

எங்கள் முதல் டங்ஸ்டன் மாதிரி 10 மில்லிமீட்டர் கனசதுரம். மேடையிலிருந்து வெட்டி எடுத்தபோது பளபளவென்று, விளிம்பெல்லாம் கூராக இருந்தது. தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்தோம், துளையில்லாத டங்ஸ்டனின் அடர்த்தியில் 98 சதவீதத்துக்கு மேல். அன்று மாலை குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் அதை நடுவில் வெட்டி, தேய்த்து மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். வறண்ட குளத்தின் தரை போல் இருந்தது. படிகத் துகள்களின் எல்லை நெடுக விரிசல். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது, லேசர் போன வரிகளின் இடைவெளியும் விரிசல்களின் இடைவெளியும் ஒன்றாகவே இருந்தன. வேகத்தை மாற்றினோம், சக்தியை மாற்றினோம், வரிகளின் திசையைத் திருப்பினோம். விரிசலின் கோலம் மாறியதே தவிர விரிசல் போகவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு இருந்த மனக்கனம் இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் இப்படி? டங்ஸ்டனுக்கு ஒரு குணம் உண்டு. சில நூறு டிகிரி செல்சியஸுக்கு மேலே அது வளைந்துகொடுக்கும். அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி உடையும். லேசர் ஒரு புள்ளியை 3,400 டிகிரிக்கு மேல் உருக்கிவிட்டு நகர்ந்ததும் அந்தப் புள்ளி நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி என்ற வேகத்தில் குளிர்கிறது. குளிரும்போது சுருங்கப் பார்க்கிறது, சுற்றியுள்ள உலோகம் விடுவதில்லை. இழுவிசை ஏறிக்கொண்டே போகும் அதே வேளையில் உலோகம் நொறுங்கும் நிலைக்குள் நுழைகிறது. உருகி உறையும்போதே விரிசல் விடும் கலவைகள் வேறு. டங்ஸ்டனில் விரிசல் சற்றுத் தாமதமாக, லேசர் கடந்து போன பிறகு வருகிறது. 2020-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் அதிவேகக் கேமராவில் இதைப் பதிவு செய்தார்கள். போதாக்குறைக்குத் தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் துளி ஆக்சிஜன் படிகத் துகள்களின் எல்லையில் போய் உட்கார்ந்து அந்த எல்லைகளை மேலும் பலவீனமாக்குகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செய்திகளில் இது வருவதே இல்லை. கம்பியையோ தகட்டையோ வாங்கி வெட்டிப் பாகம் செய்யும்போது உலோகம் முன்பே உருவாகிவிட்டது; நீங்கள் செய்வது வடிவம் மட்டும். அச்சிடும்போது உலோகமே அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டரும் தனியாக உருகித் தனியாக உறைகிறது. மூலையில் ஒரு விதமாகவும் நடுவில் வேறு விதமாகவும் உறையலாம். ஆகவே "இந்தப் பாகத்தை அச்சிட முடியுமா" என்று கேட்பதைவிட "அச்சிட்ட பிறகு அது என்ன உலோகமாக இருக்கிறது" என்று கேளுங்கள்.

விரிசலைக் குறைக்க வழிகள் உண்டு. ஒன்று, லேசருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றை. அது வெற்றிடத்தில் நடப்பதால் ஆக்சிஜன் தொல்லை குறைவு; கற்றையையே வைத்து ஒவ்வொரு அடுக்கையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக வைத்துக்கொள்ளலாம், எனவே அச்சு முடியும் வரை டங்ஸ்டன் நொறுங்கும் நிலைக்கு இறங்குவதே இல்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2024-இல் இந்த முறையில் குறையில்லாத சிக்கலான டங்ஸ்டன் பாகங்களை அச்சிட்டதாக அறிவித்தது. அது அணு இணைவு உலைகளை மனதில் வைத்துச் செய்த வேலை என்றாலும் உலோகம் அதேதான். எனக்கு இன்று அதிக நம்பிக்கை இருப்பது இந்தப் பாதையில்தான். இதிலும் ஒரு சிக்கல், ராக்கெட்டுக்கு என்றே பார்த்துவைத்த மாதிரி. அவ்வளவு சூட்டில் உருகாத தூளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வெளிப்புறத்தில் இருந்தால் தூளையே வீசி அடித்து உதிர்த்துவிடலாம். ஒரு மீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளைக்குள் கட்டியானால் எப்படி எடுப்பது?

இரண்டாவது வழி கலவையை மாற்றுவது. சிர்கோனியம் கார்பைடு போன்ற நுண்துகள்களைச் சேர்த்தால் அவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், படிகத் துகள்களையும் சிறிதாக்கும். ரீனியம் சேர்த்தால் டங்ஸ்டன் வளைந்துகொடுக்கும். பற்றவைப்பவர்களுக்கு இது பல காலமாகத் தெரிந்த கைமருந்து. நாங்களும் ரீனியம் பக்கம் போகத்தான் நினைத்தோம். அப்போது அணு இயற்பியல் தெரிந்த ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "நியூட்ரானைக் கேட்டீர்களா?"

அதுவரை எனக்கு அந்தக் கோணமே தோன்றவில்லை. உலை ஓட நியூட்ரான்கள் வேண்டும். உலைக்குள் வைக்கும் ஒவ்வொரு உலோகமும் அவற்றில் கொஞ்சத்தை விழுங்கும். விழுங்கும் தன்மையைப் பார்ன் என்ற அலகில் சொல்வார்கள். மெதுவான நியூட்ரான்களுக்கு நியோபியம் 1 பார்ன் சொச்சம், மாலிப்டினம் இரண்டரை, டங்ஸ்டன் 18, ரீனியம் 90 அளவு. உலோகவியலாளன் மருந்து என்று நினைத்தது உலைக்குப் பட்டினி போடுகிறது. நெர்வா காலத்தில் உயர்செறிவு யுரேனியம் (எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 மிகுதியாக உள்ளது) இருந்ததால் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இப்போதைய திட்டங்கள் 20 சதவீதத்துக்கும் குறைவான செறிவுள்ள யுரேனியத்தையே நாடுகின்றன, பாதுகாப்பும் அனுமதியும் எளிது என்பதால். அப்போது ஒவ்வொரு நியூட்ரானுக்கும் கணக்கு உண்டு. டங்ஸ்டனிலேயே ஐசோடோப்பைப் பொறுத்து வேறுபாடு பெரிது: டங்ஸ்டன்-186 ஏறக்குறைய 38 பார்ன் விழுங்கும், டங்ஸ்டன்-184 இரண்டுகூட இல்லை. எனவே 184-ஐப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை இருக்கிறது, மாலிப்டினத்தோடு டங்ஸ்டனைக் கலக்கும் யோசனையும் இருக்கிறது. ஐசோடோப் பிரித்த டங்ஸ்டன் தூளை நினைத்துப் பாருங்கள். அச்சு மேடையில் ஒரு கைப்பிடி சிந்தினால் மனசு துடிக்கும்.

புகழ்பெற்ற புதிய கலவைகளும் இந்தச் சல்லடையில்தான் சிக்குகின்றன. சி-103 என்ற நியோபியம் கலவை அப்பல்லோ விண்கலத்தின் இயந்திரக் கூம்பிலேயே இருந்தது, இப்போது அச்சிலும் நன்றாக வருகிறது. ஆனால் அதில் 10 சதவீதம் ஹாஃப்னியம், அது நூறு பார்னுக்கு மேல் விழுங்கும். உலையை அடக்கும் தண்டுகளிலேயே அதைப் பயன்படுத்துகிறார்கள். கூம்புக்கு அருமை, மையத்துக்கு ஆகாது. நாசாவின் ஜிஆர்எக்ஸ்-810 என்ற அச்சுக்கென்றே பிறந்த கலவை 1,093 டிகிரியில் காட்டும் வலிமையைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கோபால்ட். நியூட்ரான் பட்டால் கோபால்ட்-60 ஆகிப் பல ஆண்டுகளுக்கு வீரியமான காமாக் கதிர் வீசும். உலையிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.

எரிபொருளையே அச்சிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். உருக்கும் முறையில் அது சிரமம். யுரேனிய ஆக்சைடு 2,865 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதோடு கலந்த டங்ஸ்டனை உருக்க இன்னும் ஐந்நூறு டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதற்குள் ஆக்சைடு உருகி, ஆவியாகத் தொடங்கியிருக்கும். தூளைப் பசையால் ஒட்டி வடிவம் கொடுத்துப் பிறகு சூளையில் இறுக்கும் முறைக்கு இங்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சிலிக்கான் கார்பைடு எரிபொருள் உறைகளுக்குத் தூளைப் பசையால் ஒட்டித்தான் வடிவம் கொடுத்தது.

இதையெல்லாம் படித்துச் சோர்ந்துவிடாதீர்கள். உலையின் மையத்தை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. கூம்பு, ஹைட்ரஜன் பம்பு, குழாய்த் தொகுப்பு எல்லாம் சாதாரண ராக்கெட்டில் இருக்கும் அதே பாகங்கள்தான், அங்கே அச்சு ஏற்கெனவே ஜெயித்துவிட்டது. ஜிஆர்காப் என்ற செம்பு-குரோமியம்-நியோபியம் கலவையில் அச்சிட்ட எரிஅறைகள் பல முறை சூட்டுச் சோதனைக்கு உட்பட்டவை. எச்ஆர்-1 என்ற இரும்பு-நிக்கல் கலவையை நாசா ஹைட்ரஜனால் நொறுங்காதபடி உருவாக்கி அச்சுக்கும் கொண்டுவந்தது. ஒரு மீட்டர் அகலமுள்ள கூம்பை, உள்ளே குளிர்விக்கும் கால்வாய்களோடு சேர்த்து, 30 நாளில் அச்சிட்டார்கள். பழைய முறையில் ஏறத்தாழ ஓராண்டு. அணு உலைக்குள்ளும் அச்சிட்ட உலோகம் போயாகிவிட்டது: 2020-இல் அமெரிக்காவின் பைரன் மின் நிலையத்தில் ஒரு சிறு பாகம், 2021-இல் பிரௌன்ஸ் ஃபெர்ரியில் எரிபொருள் கட்டைப் பிடித்துவைக்கும் துருவேறா எஃகுப் பிடிப்பான்கள். சின்னப் பாகங்கள்தான். ஆனால் ஓடும் உலைக்குள் அச்சிட்ட பாகத்தை அனுமதிப்பது சாதாரண முடிவு அல்ல.

தடைகளில் விரிசலுக்கு அடுத்து நான் வைப்பது சோதனை. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தின் அளவு. எக்ஸ்-கதிர் சில மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவத் திணறும். டைட்டானியப் பாகத்தை ஸ்கேன் செய்து உள்ளே பார்ப்பது போல இதைப் பார்க்க முடியாது. உயர் அழுத்த வாயுச் சூளையில் வைத்து உட்குறைகளை மூடிவிடலாமே என்பீர்கள். உள்ளே மூடுண்ட ஓட்டைகள் மூடும். மேற்பரப்பு வரை வந்த விரிசலுக்குள் வாயுவும் புகுந்துவிடுவதால் அது மூடாது. ஹைட்ரஜன் நுழையப்போவதும் அதே வழியாகத்தான்.

முழு இயந்திரத்தையும் ஓட்டிப் பார்ப்பது இன்று 1960-களைப் போல எளிதல்ல. அன்று வெளியேறிய வாயுவைத் திறந்த வானத்தில் விட்டார்கள், இன்று அதைப் பிடித்து வடிகட்ட வேண்டும். ஆகவே நாசாவின் மார்ஷல் மையத்தில் யுரேனியம் பிளக்காமலே மின்தூண்டலால் மாதிரித் தண்டைச் சூடாக்கி ஹைட்ரஜனை ஓடவிடும் கூடம் வைத்திருக்கிறார்கள். 2027-இல் பறக்கவிருந்த டிராக்கோ என்ற அணு ராக்கெட் சோதனைத் திட்டம் 2025-இல் கைவிடப்பட்டது. எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் மாதிரிகளைச் சூடாக்கிப் பார்க்க ராக்கெட் பறக்க வேண்டியதில்லை, அந்த வேலை தொடரலாம்.

நீங்கள் மூன்றாம் ஆண்டு என்பதால் ஒன்று சொல்கிறேன். அச்சு இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்வது சில மாத வேலை. வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்ததைச் சரியாகப் படிக்கக் கற்பதற்கு ஆண்டுகள் ஆகும், அதை இப்போதே தொடங்குங்கள். அடுத்தபடியாக நியூட்ரான் விழுங்கும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலவைகளைப் பார்க்கப் பழகுங்கள். அப்புறம், எந்த மாதிரியையும் ஒரு முறை சூடாக்கி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்ஈ 28 முறை தொடங்கப்பட்டது. நாங்கள் எலக்ட்ரான் கற்றையில் செய்த ஒரு மாதிரி, அச்சிட்டதும் வெட்டிப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. அதே தொகுப்பில் இன்னொன்றைச் சூளையில் பத்து முறை ஏற்றி இறக்கி வெட்டினேன். ஒரு மூலையில், இரண்டு படிகத் துகள்களுக்கு நடுவே, முடியைவிட மெல்லிய ஒரு கோடு இருந்தது.